ஓடாத மோட்டார்தான் அதிகக் கரன்ட் இழுக்கும்!

கேள்வி: ‘‘எங்கள் கிணற்றில் 5 ஹெச்.பி மோனோபிளாக் மோட்டார் இருக்கிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை காயில் எரிந்துவிட்டது. காயில் கட்டும் செலவு, ஏற்றி இறக்கும் கூலி என்று கையைக் கடிக்கிறது. அதைவிட, தண்ணீர் பாய வேண்டிய நேரத்தில் பாயாமல் வெங்காயம் வாடியதுதான் பெரிய நஷ்டம். காயில் கட்டுபவர், ‘வோல்டேஜ் குறைச்சல். அதனால மோட்டார் கரன்ட்டை அதிகமா இழுத்து எரிஞ்சுபோச்சு’ என்கிறார். வோல்டேஜ் குறைந்தால் கரன்ட்டும் குறையத்தானே வேண்டும்? வீட்டில் குண்டு பல்பு மங்கலாகத்தானே எரிகிறது? யார் சொல்வது சரி?’’

- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. குண்டு பல்பு, கிடைக்கிற வோல்டேஜுக்குத் தக்கபடி கரன்ட்டை வாங்கிக்கொண்டு மங்கலாக எரியும். மோட்டார் அப்படி இருக்க முடியாது. அதன் தலையில் ஒரு சுமை இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தது என்பதற்காகக் கிணற்றின் ஆழம் குறைந்துவிடாது; தூக்க வேண்டிய தண்ணீர் அப்படியேதான் இருக்கும். அந்தச் சுமையைச் சமாளிக்க மோட்டார் கூடுதலாகக் கரன்ட்டை இழுக்கிறது. எப்படி இழுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், காயில் எரியும் காரணங்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

ஒயரே போகாத ரோட்டார்

காயில் கட்டும் பட்டறையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஸ்டேட்டர் என்கிற வெளிப்பகுதியில்தான் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். லைனிலிருந்து வரும் மூன்று ஒயர்களும் அதில்தான் சேரும். நடுவில் சுழலும் ரோட்டாருக்கு ஒரு ஒயர்கூடப் போகாது. இரும்புக்குள் பதித்த அலுமினியக் கம்பிகளும், அவற்றை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்திருக்கும் வளையங்களும் மட்டும்தான் அதில் உண்டு. பார்ப்பதற்குக் கிளிக்கூண்டு மாதிரி இருக்கும். சில நீர்மூழ்கி மோட்டார்களில் அலுமினியத்துக்குப் பதில் செம்புக் கம்பி இருக்கும். ஒயரே இல்லாத இந்தக் கூண்டுக்குள் கரன்ட் எப்படி வருகிறது?

செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களுக்குள் எலெக்ட்ரான் என்கிற நுண்ணிய மின்துகள்கள் ஏராளமாக, கட்டில்லாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. ஒரு கம்பியைக் காந்தத்தின் முன்னால் குறுக்காக நகர்த்தினால், அதனுள் இருக்கும் துகள்களும் சேர்ந்து நகரும். அப்படி நகரும் மின்துகளைக் காந்தம் பக்கவாட்டில் தள்ளும். இதனால் கம்பியின் ஒரு முனையில் எலெக்ட்ரான்கள் கூடும், மறு முனையில் குறையும். இந்த ஏற்றத்தாழ்வுதான் வோல்டேஜ். ஒரு முனையில் நெருக்கியடித்து நிற்கும் துகள்கள், அடுத்து வருகிறவற்றைத் திருப்பித் தள்ளும். இரண்டு தள்ளலும் சமமானதும் நகர்வு நின்றுவிடும். ஆனால், இரண்டு முனைகளையும் இன்னொரு கம்பியால் இணைத்துவிட்டால் துகள்கள் சுற்றிவர வழி கிடைத்துவிடும். அப்போது ஓடுவதுதான் கரன்ட்.

இதில் முக்கியமானது நகர்வு. காந்தம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கம்பியும் காந்தமும் அசையாமல் இருந்தால் ஒரு துளி கரன்ட்டும் வராது. கம்பி நகர்ந்தாலும் சரி, கம்பி நிற்கக் காந்தம் நகர்ந்தாலும் சரி, பலன் ஒன்றுதான். 1831-ம் ஆண்டில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதைக் கண்டறிந்தார். காந்தம் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, கம்பி எவ்வளவு நீளமோ, நகர்வு எவ்வளவு வேகமோ, அந்த அளவுக்கு வோல்டேஜ் கூடும்.

இப்போது மோட்டாருக்கு வரலாம். மும்முனை மின்சாரத்தில் மூன்று பேஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வரும். அதனால் ஸ்டேட்டர் காயில் உண்டாக்கும் காந்தப்புலம், கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தச் சக்கரம்போலச் சுழலும். இரண்டு துருவ மோட்டாரில் இந்தச் சுழற்சி நிமிடத்துக்கு 3,000 சுற்று. நான்கு துருவ மோட்டாரில் 1,500 சுற்று. இந்தக் காந்தம், ரோட்டார் கம்பிகளைக் குறுக்காகக் கடந்து ஓடும்போது அவற்றுக்குள் வோல்டேஜ் பிறக்கிறது. வளையங்கள் முனைகளை இணைத்திருப்பதால் கரன்ட் ஓடுகிறது. கரன்ட் ஓடும் கம்பியைக் காந்தம் தள்ளும். ரோட்டார் சுழல ஆரம்பிக்கிறது.

எந்தப் பக்கம் சுழலும்? இதற்கான விதியை 1834-ல் லென்ஸ் என்ற விஞ்ஞானி சொன்னார். இப்படிப் பிறக்கும் கரன்ட், தன்னைப் பிறப்பித்த நகர்வை எதிர்க்கும். காந்தம் தன்னைக் கடந்து ஓடுவதால்தானே ரோட்டாரில் கரன்ட் வந்தது? அந்த வேக வித்தியாசத்தைக் குறைக்க ரோட்டாரும் காந்தத்தின் பின்னாலேயே ஓடும். கன்றுக்குட்டிக்கு முன்னால் புல்லுக்கட்டைக் காட்டிக்கொண்டே ஓடுவதுபோலத்தான். ரோட்டாரால் காந்தத்தை ஒருபோதும் பிடிக்க முடியாது. பிடித்துவிட்டால் வேக வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாவிட்டால் கரன்ட் இல்லை. கரன்ட் இல்லாவிட்டால் தள்ளும் விசையும் இல்லை. அதனால்தான் 3,000 சுற்று ஓட வேண்டிய மோட்டாரின் பெயர்த் தகட்டில் 2,850 அல்லது அதையொட்டிய எண் அச்சடிக்கப்பட்டிருக்கும்.

அந்த 150 சுற்றில்தான் சூட்சுமம்

ஓடும்போது வேக வித்தியாசம் 150 சுற்று. அதாவது 3,000-ல் 5 சதவிகிதம். ஸ்விட்சைப் போட்ட முதல் நொடியில் ரோட்டார் அசையாமல் நிற்கிறது. அப்போது வித்தியாசம் முழுசாக 3,000 சுற்று. 20 மடங்கு அதிகம். ஒரு ரோட்டார் கம்பியின் நீளம் 10 செ.மீ, ரோட்டாரின் விட்டம் 8 செ.மீ என்று வைத்துக்கொண்டால், ரோட்டார் நிற்கும்போது அந்தக் கம்பியில் சுமார் 0.9 வோல்ட் பிறக்கும். ஓடும்போது 0.05 வோல்ட்கூட இருக்காது. ஒரு வோல்ட்டுக்கும் குறைவுதானே என்று நினைத்துவிடக் கூடாது. அது தடிமனான கம்பி. தடை மிகமிகக் குறைவு. அந்தச் சின்ன வோல்டேஜுக்கே நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும்.

ரோட்டாரில் ஓடும் கரன்ட், தன் பங்குக்கு ஒரு காந்தத்தை உண்டாக்கி ஸ்டேட்டரின் காந்தத்தைக் குறைக்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட, ஸ்டேட்டர் காயில் லைனிலிருந்து மேலும் கரன்ட்டை இழுக்கும். அதனால்தான் மோட்டார் கிளம்பும் நேரத்தில், வழக்கமான கரன்ட்டைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கிறது. ஓடும்போது 7.5 ஆம்பியர் எடுக்கும் 5 ஹெச்.பி மோட்டார், கிளம்பும்போது 45 ஆம்பியர் எடுக்கலாம். கம்பியில் பிறக்கும் சூடு, கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரன்ட் 6 மடங்கானால் சூடு 36 மடங்கு. இரண்டு, மூன்று நொடிக்கு இது நீடித்தால் காயில் தாங்கும். அதற்குள் ரோட்டார் வேகம் பிடித்துக் கரன்ட் இறங்கிவிடும். ரோட்டார் மாட்டிக்கொண்டு நின்றால் கரன்ட் இறங்காது. சில நிமிடங்களுக்குள் காயில் மேல் உள்ள வார்னிஷ் கருகிவிடும். மோட்டார் சுற்றாமல் ‘உம்ம்...’ என்று உறுமுகிறது என்றால், அது எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ‘கொஞ்ச நேரம் பார்ப்போம், சுற்றிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

வோல்டேஜ் குறைவதற்கும் இதே கணக்குதான். வோல்டேஜ் குறைந்தால் ஸ்டேட்டரின் காந்தம் பலவீனமாகும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 350 வோல்ட் வந்தால், மோட்டாரின் திருப்பும் விசை அதே வேகத்தில் 71 சதவிகிதமாகக் குறையும். 332 வோல்ட் என்றால் 64 சதவிகிதம்தான். விசை போதாதபோது ரோட்டாரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் காந்தத்துக்கும் ரோட்டாருக்கும் உள்ள வித்தியாசம் கூடும். வித்தியாசம் கூடினால் ரோட்டாரில் கரன்ட் கூடும். பலவீனமான காந்தத்தை வைத்துக்கொண்டு அதே தண்ணீரைத் தூக்க, கூடுதல் கரன்ட்தான் ஒரே வழி. ஸ்டேட்டரும் அதற்கேற்ப இழுக்கும். காயில் கட்டுபவர் சொன்னது இதைத்தான்.

இரண்டு முறை காயில் எரிந்த கிணற்றில் பார்க்க வேண்டியவை

முதலில், மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு என்று அனுபவமுள்ள வயர்மேனைக் கொண்டு அளக்க வேண்டும். நிறுத்தி வைத்திருக்கும்போது அளந்தால் சரியாகத்தான் காட்டும். 350 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த நேரத்தில் மோட்டாரை ஓட்டாமல் இருப்பதே நல்லது. ஸ்டார்ட்டரில் ஒரு முறை, மோட்டாரின் டெர்மினலில் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே அதிக வித்தியாசம் இருந்தால் கோளாறு கேபிளில். உதாரணமாக, 2.5 சதுர மி.மீ செம்பு கேபிள் 200 மீட்டர் நீளம் போனால், 8 ஆம்பியர் ஓடும்போது சுமார் 17 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

அடுத்து, டாங் டெஸ்டரை வைத்து மூன்று பேஸிலும் ஆம்பியர் பார்க்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக, பெயர்த் தகட்டில் உள்ள அளவுக்குள் இருக்க வேண்டும். மூன்று பேஸ்களின் வோல்டேஜில் சின்ன ஏற்றத்தாழ்வு இருந்தாலே, கரன்ட்டில் அதைப் போல 6 முதல் 10 மடங்கு ஏற்றத்தாழ்வு வரும்.

மூன்றாவது, ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலே. பல தோட்டங்களில், ‘அடிக்கடி விழுகிறது’ என்று அதன் திருகை அதிகபட்சத்துக்குத் திருகி வைத்திருப்பார்கள். அது காவல் நாயைக் கட்டிப்போடுவதற்குச் சமம். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் பெயர்த் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயிலுக்குப் போகும் ஒயரில் இருந்தால், தகட்டில் உள்ள ஆம்பியரை 0.58-ஆல் பெருக்கி வைக்க வேண்டும். 11 ஆம்பியர் மோட்டாருக்கு 6.4 ஆம்பியர்.

நான்காவது, இறுக்கம். பேரிங் தேய்ந்தாலும், இம்பெல்லரில் குப்பை சிக்கினாலும் ரோட்டாரின் வேகம் குறையும். மெயினை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி கையில் வைத்துக்கொண்ட பிறகு, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் கிணறு நிரம்பினால் மோட்டாருக்கு வேலை குறையும் என்று நினைப்பார்கள். பெரும்பாலான சென்ட்ரிஃபியூகல் பம்புகளில் நடப்பது தலைகீழ். தூக்கும் உயரம் குறைந்தால் தண்ணீர் அதிகமாகக் கொட்டும், மோட்டாரின் சுமை கூடும், ஆம்பியரும் ஏறும். அப்போது டெலிவரி பக்கம் உள்ள கேட் வால்வைச் சற்று மூடி ஆம்பியரைக் குறைக்கலாம். மாறாக, தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஆம்பியர் குறைந்துவிடும். அதனால் ஓவர்லோடு ரிலே விழாது. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் தண்ணீர்தான் என்பதால், சத்தமில்லாமல் சூடேறி எரியும். ஓவர்லோடு ரிலே இருக்கிறது என்று நம்பாமல், தண்ணீர் இல்லாதபோது நிறுத்தும் கருவியைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

கடைசியாக, அக்கம்பக்கம். மும்முனை மின்சாரம் வந்த நொடியில் எல்லாத் தோட்டத்து ஆட்டோ ஸ்விட்சும் ஒரே நேரத்தில் மோட்டாரைக் கிளப்பும். 63 கே.வி.ஏ டிரான்ஸ்பார்மர் தாங்கக்கூடிய கரன்ட், ஒரு பேஸுக்கு சுமார் 87 ஆம்பியர். அதில் 5 ஹெச்.பி மோட்டார்கள் பத்து ஓடினால் 75 ஆம்பியர், தாங்கும். பத்தும் ஒரே நொடியில் கிளம்பினால் 450 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் சரிந்துவிடும். ஒரு மோட்டாரும் வேகம் பிடிக்க முடியாமல், எல்லாம் கிளம்பும் கரன்ட்டிலேயே தவிக்கும். லைனின் கடைசியில் இருக்கும் கிணற்றுக்குத்தான் முதல் அடி விழும். ஆட்டோ ஸ்விட்சுகளில் நேரம் தள்ளி வைக்கும் வசதி இருக்கிறது. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருப்பவர்கள் உட்கார்ந்து பேசி, ஆளுக்கு அரை நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டால் ஒரு ரூபாய் செலவில்லாமல் பத்து மோட்டாரும் பிழைக்கும்.

கேள்வி: ‘‘மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது சத்தம் மாறியது. ஸ்டார்ட்டர் வரை வரும் மூன்று ஒயரிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் எரிந்தது. பிறகு பார்த்தால் ஒரு ஃபியூஸ் போயிருந்தது. ஃபியூஸ் போன ஒயரில் டெஸ்டர் எப்படி எரியும்? இன்னொன்று, இருமுனை மின்சாரம் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டலாமா?’’

- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: டெஸ்டர் பொய் சொல்லவில்லை. அந்த மூன்றாவது ஒயரில் மின்சாரத்தை உண்டாக்கியது மோட்டாரேதான். ரோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் கம்பிகளில் கரன்ட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கரன்ட் உண்டாக்கும் காந்தம் ரோட்டாரோடு சுழன்று, லைன் இல்லாமல் கிடக்கும் காயிலைக் கடந்து போகிறது. காந்தம் நகர்ந்தால் கம்பியில் வோல்டேஜ் பிறக்கும் அல்லவா? அந்த வேலை இங்கே நடக்கிறது. கிட்டத்தட்ட முழு வோல்டேஜே அந்த ஒயரில் திரும்பி வரும்.

இதில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, ‘மூன்று பேஸும் இருக்கிறது’ என்று நம்பி மோட்டாரை ஓடவிடுவது. மீதமுள்ள இரண்டு பேஸ்களும் மூன்று பேஸின் வேலையைச் செய்ய வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றிலும் கரன்ட் 1.7 மடங்கு அல்லது அதற்கு மேல் ஏறும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் பேஸ் பிரிவென்டர் கருவிகளில் சில, இந்தத் திரும்பி வரும் வோல்டேஜைக் கண்டு ஏமாறும். மூன்று பேஸிலும் கரன்ட்டை அளந்து நிறுத்தும் கருவி ஏமாறாது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது ஆபத்து உயிருக்கு. ஃபியூஸ் போன ஒயர்தானே என்று தொட்டால் ஷாக் அடிக்கும். ஓடும் மோட்டார் அந்த ஒயருக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். மோட்டாரையும் மெயினையும் நிறுத்தாமல் எந்த ஒயரிலும் கை வைக்கக் கூடாது. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போடுவது லைன்மேன் வேலை. அதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு இரண்டு பேஸ் மட்டும் கிடைத்தால் அது கிளம்பாது. காந்தப்புலம் சுழலாமல், ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டிருக்கும். ரோட்டாரை இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளும். ரோட்டார் நின்ற இடத்திலேயே உறுமும். ஆட்டோ ஸ்விட்ச் வைத்துவிட்டு வீட்டில் தூங்குபவர்களின் மோட்டார் ராத்திரியில் எரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கண்டன்சர் போட்டால், அது ஒரு பேஸின் கரன்ட்டை முன்னுக்குத் தள்ளி மூன்றாவது பேஸைப் போல நடிக்கவைக்கும். காந்தம் சுழலும், ஆனால், கோணலாகச் சுழலும். கோணல் வண்டிச் சக்கரம்போல ஒரு பக்கம் ஓங்கியும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், நேராகச் சுழலும் பெரிய காந்தம் ஒன்றும், எதிர்த்திசையில் சுழலும் சின்னக் காந்தம் ஒன்றும் சேர்ந்ததுபோல இருக்கும். எதிர்த்திசைக் காந்தத்துக்கும் ரோட்டாருக்கும் உள்ள வேக வித்தியாசம் 3,000-மும் 2,850-ம் சேர்த்து 5,850 சுற்று. அவ்வளவு வேகத்தில் கடக்கும் காந்தம், ரோட்டாரில் வேலைக்கு உதவாத கரன்ட்டை உண்டாக்கும். அது ரோட்டாரைச் சூடாக்கும். ஓட்டத்தைப் பின்னுக்கும் இழுக்கும். தண்ணீர் வரத்தான் செய்யும். மோட்டாரின் ஆயுள் அதற்கு விலையாகப் போகும். வீட்டு விளக்குகளுக்காக வரும் இருமுனையில் பல மோட்டார்கள் இப்படி ஓடினால், ஊருக்கே வோல்டேஜ் சரியும். பயிரைக் காப்பாற்ற இரவில் தண்ணீர் தேவைப்படுகிறவர்கள், மும்முனை வரும் நேரத்தில் தொட்டியில் நிரப்பி வைத்துப் பாய்ச்சுவதே மோட்டாருக்கு நல்லது.

கேள்வி: ‘‘காயில் கட்டிய பிறகு மோட்டார் முன்பைவிட அதிகமாகச் சூடாகிறது. கம்பி நல்ல கம்பிதான். என்ன காரணம்?’’

- ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: பழைய காயிலை எப்படி எடுத்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். எரிந்த கம்பியைச் சுலபமாக உருவ, ஸ்டேட்டரையே தீயில் போட்டுச் சுடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஸ்டேட்டரின் இரும்பு ஒரே கட்டியாக இருக்காது. அரை மி.மீ அளவுள்ள மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்திருப்பார்கள். ஒவ்வொரு தகட்டின் மேலும் மெல்லிய பூச்சு உண்டு. இதற்கும் காரணம் மின்துகள்கள்தான். இரும்பும் மின்சாரத்தைக் கடத்தும். காந்தம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் கட்டி இரும்பு இருந்தால், அதற்குள்ளும் கரன்ட் பிறந்து, ஆற்றுச் சுழிபோலச் சுற்றிச் சுற்றி வந்து சூடாக்கும். தகடு தகடாகப் பிரித்து நடுவில் பூச்சு கொடுத்தால், அந்தச் சுழல் கரன்ட் பெரிதாக ஓட வழியில்லாமல் போகும். தீயில் சுட்டால் அந்தப் பூச்சு கருகி, தகடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டும். சுழல் கரன்ட் கூடும். சுமையே இல்லாமல் ஓடினாலும் மோட்டார் சூடாகும்.

ஆகவே, காயில் கட்டக் கொடுக்கும்போதே, தீயில் சுடாமல் பழைய கம்பியை எடுக்கச் சொல்ல வேண்டும். பழைய காயிலில் இருந்த சுற்றுகளின் எண்ணிக்கையும் கம்பியின் கேஜும் மாறாமல் கட்ட வேண்டும். மோட்டார் திரும்பி வந்ததும் மூன்று பேஸின் ஆம்பியரை அளந்து, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு அட்டையில் தேதியோடு எழுதி ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஒப்பிட அந்த அட்டைதான் சாட்சி.

கேள்வி: ‘‘அண்ணன் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஒரு மோட்டார், பெரிய ஃப்ளைவீல், ஒரு ஆல்டர்னேட்டர் மூன்றையும் பெல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். ஒரு முறை கிளப்பிவிட்டால், ஆல்டர்னேட்டர் தரும் கரன்ட்டிலேயே மோட்டார் ஓடுமாம். மிச்ச கரன்ட்டில் பம்பும் ஓடுமாம். ‘காந்தத்தின் சக்தி’ என்கிறார்கள். முன்பணம் கட்டப் போகிறேன் என்கிறார். கட்டலாமா?’’

- கல்லூரி மாணவி ஒருவர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: கட்ட வேண்டாம். அண்ணனிடம் வாதம் பண்ணுவதைவிட, வீட்டிலேயே இரண்டு சோதனைகளைச் செய்து காட்டலாம்.

டைனமோ வைத்த பழைய சைக்கிள் எங்காவது இருந்தால், ஸ்டாண்ட் போட்டு பெடலைக் கையால் சுற்றச் சொல்ல வேண்டும். முதலில் பல்பு ஒயரைக் கழற்றிவிட்டுச் சுற்ற வேண்டும். பிறகு ஒயரை மாட்டிச் சுற்ற வேண்டும். டைனமோ அதேதான், காந்தமும் அதேதான். ஆனால், பல்பு எரிய ஆரம்பித்ததும் பெடல் கனக்கும். ஒயர் கழன்றிருக்கும்போது காயிலில் வோல்டேஜ் மட்டும் பிறக்கும். துகள்கள் சுற்றி ஓட வழி இல்லை. ஒயரை மாட்டியதும் கரன்ட் ஓடும். ஓடும் கரன்ட், தன்னைப் பிறப்பித்த சுழற்சியை எதிர்த்து இழுக்கும். அந்த எதிர்ப்பைத் தாண்டிக் கை செலவழிக்கும் உழைப்புதான் பல்பில் வெளிச்சமாக வருகிறது.

இரண்டாவது, ஒரு முழ நீளச் செம்புக் குழாயோ, கனமான அலுமினியக் குழாயோ எடுத்து, செங்குத்தாகப் பிடித்து, அதற்குள் போகிற அளவுள்ள சக்திவாய்ந்த காந்தம் ஒன்றைப் போட வேண்டும். அதே நீள பி.வி.சி பைப்பிலும் போட வேண்டும். பி.வி.சி-யில் சட்டென்று விழும் காந்தம், செம்புக் குழாயில் தண்ணீருக்குள் மூழ்குவதுபோல மெதுவாக இறங்கும். செம்பைக் காந்தம் ஒட்டிப் பிடிக்காது. ஆனாலும் குழாய்க்குள் பிறக்கும் கரன்ட் காந்தத்தின் ஓட்டத்தைத் தடுக்கிறது.

ஆல்டர்னேட்டருக்குள் நடப்பதும் இதுதான். எவ்வளவு கரன்ட் எடுக்கப்படுகிறதோ, அவ்வளவுக்கு அது மோட்டாரைப் பின்னுக்கு இழுக்கும். நல்ல மோட்டார், வாங்கும் மின்சாரத்தில் 85 சதவிகிதத்தைச் சுழற்சியாகத் தருகிறது. நல்ல ஆல்டர்னேட்டர் அந்தச் சுழற்சியில் 85 சதவிகிதத்தை மின்சாரமாகத் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 100 யூனிட் கொடுத்தால் 72 யூனிட்தான் திரும்பி வரும். பெல்ட்டில் போவது தனிக் கணக்கு. 72-ஐ வைத்து 100 வேண்டிய மோட்டாரை ஓட்ட முடியாது. பம்புக்கு மிச்சம் எங்கிருந்து வரும்? ஃப்ளைவீல் சக்தியை உண்டாக்காது. ஏற்கெனவே சுற்றிவிட்ட வேகத்தைக் கொஞ்ச நேரம் சேமித்து வைக்கும், அவ்வளவுதான். வீடியோவில் அது ஓடுவதைக் காட்டும் அந்தக் கொஞ்ச நேரமும் அப்படிச் சேமித்த வேகமாக இருக்கலாம்; கண்ணுக்குத் தெரியாமல் வரும் ஒரு ஒயராகவும் இருக்கலாம்.

விற்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும். ‘கருவியை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, எந்த ஒயரும் இணைக்காமல், பம்பை மாட்டி, ஒரு பகல் பொழுது முழுக்கத் தண்ணீர் இறைத்துக் காட்டுங்கள். பணம் அதற்குப் பிறகு’ என்று சொல்ல வேண்டும். அண்ணன் முன்பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவது நல்லது.